தொங்கும் மணி பிளாண்ட்: நுனியில் மட்டும் இலை, மேலே வெறுங்கொடி

மூன்றாம்மாடி – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் மூன்றாம் மாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். கூடத்தின் மூலையில், மேற்கூரைக் கொக்கியில் மாட்டிய தொங்கும் தொட்டியில் 2 ஆண்டுகளாக மணி பிளாண்ட் வளர்த்து வருகிறேன். கொடிகள் ஏறக்குறைய 6 அடி நீளத்துக்கு இறங்கிவிட்டன. ஆனால் தொட்டியின் வாய்ப்பகுதி மொட்டையாகிவிட்டது. நடுவிலும் வெறும் தண்டுதான். கடைசி ஒன்றரை அடியில் மட்டும் இலைகள் இருக்கின்றன. அவையும் வெற்றிலைக் கொழுந்து அளவுக்குச் சிறுத்துவிட்டன. வாங்கியபோது இருந்த மஞ்சள் தீற்றல்கள் மறைந்து, புது இலைகள் முழுப் பச்சையாகவே வருகின்றன. இலை நுனிகளும் பழுப்பாகக் கருகுகின்றன.

ஜன்னல் வடக்குப் பார்த்தது. தொட்டியிலிருந்து 7 அடி தள்ளி இருக்கிறது. தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றுகிறேன். மண்புழு உரம் இரண்டு முறை போட்டும் மாற்றம் இல்லை. கொடி தரையைத் தொட்டால் வீட்டில் காசு தங்காது என்று மாமியார் சொல்வதால், நுனியை வெட்டாமல் சுருட்டி மேலே செருகி வைக்கிறேன். தொட்டி நிறைய இலையோடு கொடி தொங்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்?

மாடித்தோட்டக்காரர் – பதில்

சகோதரி, உரத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் செடியின் குறை பெரும்பாலும் அது தொங்கும் உயரத்தில் இருக்கிறது.

மேற்கூரைக் கொக்கியில் மாட்டிய தொட்டியின் மண்பரப்பு, ஜன்னலின் மேல் விளிம்பைவிட உயரத்தில்தான் இருக்கும். ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் வானத்திலிருந்து சாய்ந்து கீழ்நோக்கித் தரையில் விழுகிறதே தவிர, கூரையோரத்துக்கு ஏறுவதில்லை. ஆகவே வெளிச்சம் மிகவும் தேவைப்படும் தொட்டியின் வாய்ப்பகுதி இருட்டிலும், தொங்கும் நுனி ஒப்பீட்டளவில் நல்ல வெளிச்சத்திலும் இருக்கின்றன. செடி தனக்குப் பயன்படாத மேல் இலைகளை உதிர்த்துவிட்டு, வெளிச்சம் கிடைக்கும் இடத்தில் மட்டும் இலை விடுகிறது. கணுக்களுக்கு இடையிலான தூரம் நீள்வதற்கும் மஞ்சள் தீற்றல் மறைவதற்கும் இதுவே காரணம். மஞ்சள் பகுதியில் பச்சையம் மிகக் குறைவு என்பதால், வெளிச்சம் போதாத இடத்தில் அந்த அலங்காரம் செடிக்குக் கட்டுப்படியாகாது.

கொக்கியிலிருந்து ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டு, தொட்டியின் வாய் ஜன்னலின் நடுமட்டத்துக்கு வரும்படி இறக்குங்கள். ஜன்னலிலிருந்து 3 அடிக்குள் நகர்த்துங்கள். வடக்கு ஜன்னல் என்பதால் வெயில் சுடுமோ என்ற கவலை ஏறக்குறைய வேண்டியதில்லை.

அடுத்தது வெட்டு. கொடியின் நுனி வளர்ந்துகொண்டிருக்கும்வரை கீழ்க்கணுக்களில் உள்ள மொட்டுகள் உறங்கிக்கொண்டே இருக்கும். நுனியை எடுத்தால்தான் வெட்டுக்கு அருகிலுள்ள கணுவில் புதுக்கிளை வெடிக்கும். நீங்கள் நுனியைச் சுருட்டி வைத்துக் காப்பாற்றியதே மொட்டைக்கு ஒரு துணைக்காரணம். மூன்று கொடிகள் இருந்தால் இரண்டைத் தொட்டியிலிருந்து நான்கு கணு விட்டு வெட்டுங்கள். மூன்றாவதை வெட்டாமல், அதன் வெறுந்தண்டை மண்ணின் மேலேயே வட்டமாகச் சுற்றி, கணுக்கள் மண்ணைத் தொடும்படி கொண்டை ஊசியால் குத்தி நிறுத்துங்கள். மல்லிகைக்குப் பதியன் போடுவதைப் போன்றதுதான். கணுவில் பழுப்பு நிறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் குமிழ்தான் வேர். இலை இல்லாவிட்டாலும் அந்தக் கணு உயிரோடு இருந்தால் தளிர் வரும்.

வெட்டிய நுனிகளைக் கணு மூழ்கும்படி தண்ணீர்ப் பாட்டிலில் வைத்தால், நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மூன்று வாரங்களில் வேர் பிடித்துவிடும். அவற்றையும் அதே தொட்டியின் நடுவில் நட்டுவிடுங்கள். கடைகளில் அடர்த்தியாகத் தெரியும் தொட்டிகளில் இருப்பது பெரும்பாலும் ஒரே செடியல்ல. ஆறேழு துண்டுகளைச் சேர்த்து நட்டிருப்பார்கள். பாட்டில் தண்ணீரை நான்கு நாட்களுக்கு ஒருமுறை மாற்றுவது கட்டாயம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இத்தகைய தெளிந்த, தேங்கிய நீர்தான் பிடிக்கும்.

கிணற்றுநீர் – பதில்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன்; ஆனால் நுனி கருகுவதற்குக் காரணம் வெளிச்சமல்ல, தண்ணீர். ஆர்.ஓ. கழிவுநீரில் இருப்பது அழுக்கல்ல, உப்பு. குடிநீரிலிருந்து பிரிக்கப்பட்ட உப்பு முழுவதும் அந்தக் கழிவில்தான் சேர்கிறது. 4 லிட்டர் நீரில் 1 லிட்டர் குடிநீராகவும் 3 லிட்டர் கழிவாகவும் பிரிகிறது என்று வைத்துக்கொண்டால், 1,200 டி.டி.எஸ். (ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, மில்லிகிராமில்) உள்ள போர் தண்ணீரின் கழிவு ஏறக்குறைய 1,600 ஆகிவிடும். மனிதர் குடிப்பதற்கு இந்தியத் தரநிலை ஏற்கும் அளவே 500தான். மண்ணிலிருந்து நீர் ஆவியாகும். உப்பு அங்கேயே தங்கும். மேல்மண்ணிலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் பூச்சு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கழிவுநீர் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஏற்றது. நான்கைந்து லிட்டர் மண்ணுக்கு ஏற்றதல்ல.

தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக முழுவதும் வடியவிடுங்கள். மெட்ரோ தண்ணீர் போதும், ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் அதையும் பிடித்து வைக்கலாம். ஐப்பசி மழையில் ஒரு மணி நேரம் பால்கனியில் மாட்டிவைப்பதைவிடச் சிறந்த மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற கணக்கையும் கைவிடுங்கள். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டும் ஊற்றுங்கள். தொங்கும் தொட்டிகளின் அடியில் ஒட்டியே வரும் தட்டில் நீர் தேங்கி நிற்பது வெளியே தெரியாது. வேர் அழுகல் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. தென்னை நார்க்கழிவு நிரம்பிய தொட்டி ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால், ஊற்றும் நீர் ஓரமாகவே வழிந்து வெளியேறும். அப்போது தொட்டியை அரை மணி நேரம் வாளி நீரில் அமிழ்த்தி எடுக்க வேண்டும்.

பச்சையம் – பதில்

இரண்டு பதில்களும் சரியானவை. ஆனால் இலை பெரிதாகும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். மணி பிளாண்ட் இயல்பில் தொங்கும் செடி அல்ல, ஏறும் செடி. பசிபிக் பெருங்கடலில் உள்ள மோரேயா தீவைத் தாயகமாகக் கொண்ட இக்கொடி, மரத்தைப் பற்றி ஏறினால் கை அகலத்துக்கும் மேலாகப் பிளவுபட்ட இலைகளை விடும். பற்ற எதுவுமின்றித் தொங்கினால், அடுத்த மரத்தைத் தேடி ஓடும் கொடியைப் போல இலையைச் சிறுக்கச் செய்யும். தொங்கும் அழகும் பெரிய இலையும் ஒரே கொடியில் கிடைக்காது. வெட்டிய துண்டுகளில் இரண்டைத் தென்னை நார் சுற்றிய கம்பில் ஏற்றிவிட்டுப் பாருங்கள்.

தொட்டியைத் தாழ்வாக இறக்கச் சொல்லியிருப்பதால் ஒரு எச்சரிக்கை. இதன் இலையிலும் தண்டிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. தவழும் குழந்தையோ பூனையோ மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். அப்படி யாரேனும் வீட்டில் இருந்தால், கொடியின் நீளத்தை அவர்களுக்கு எட்டாத அளவிலேயே நிறுத்துங்கள்.

மூன்றாம்மாடி – கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. தொட்டியைக் கீழே இறக்கிப் பார்த்தபோது விளிம்பு முழுவதும் வெள்ளைப் பூச்சு இருந்தது. அடித்தட்டில் ஒரு குவளை நீர் தேங்கியிருந்தது. நேற்று மண்ணை இரண்டு முறை கழுவி வடித்துவிட்டு, இரண்டு கொடிகளை வெட்டினேன். இலையுள்ள துண்டுகள் ஐந்தும், வெறுந்தண்டுத் துண்டுகள் ஒன்பதும் கிடைத்தன. வெறுந்தண்டுகளைப் படுக்கை வசத்தில் மண்ணில் பாதி புதைத்து வைத்திருக்கிறேன். வீட்டில் குழந்தை இல்லை; எதிர்வீட்டுப் பூனை மட்டும் பால்கனி வழியாக வந்துபோகும் என்பதால், கொடி இனி இடுப்பளவுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்கிறேன். கொடி தரையைத் தொடாமல் இருக்கும் என்பதால் மாமியாருக்கும் சம்மதம்.