டெம்ப்டேஷன்ஸ் தொகுப்பு: எதை வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க சோல் இசைப் பாடகர் குழுவான டெம்ப்டேஷன்ஸின் ஹிட் பாடல் தொகுப்பு ஒன்று இசைத்தட்டில் வாங்கலாம் என்றிருக்கிறேன். கேட்டவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

1966-ல் வந்த ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ மீதுதான் முதல் ஆசை. ‘மை கேர்ள்’ அதில் இருக்கிறது. ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டார் தனியாகத் தொடங்கி, ராபர்ட் வொயிட்டின் கிட்டார் படியேறி வர, குழுவின் பாடகர் டேவிட் ரஃபின் அந்தக் கரகரப்புக் குரலில் நுழைவாரே, அதற்கே காசு கொடுக்கலாம். எடி கெண்ட்ரிக்ஸின் உச்சக்குரல் வேறு.

சிக்கல் என்னவென்றால், 1968-ல் ரஃபின் போய் டென்னிஸ் எட்வர்ட்ஸ் வந்த பிறகான பாட்டு எதுவும் இதில் இருக்க வாய்ப்பில்லை. ‘கிளவுட் நைன்’ இல்லை. 1972-ன் ‘பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்’ இல்லை. இந்தக் கடைசிப் பாட்டு எனக்குக் கட்டாயம் வேண்டும், அதுவும் பன்னிரண்டு நிமிடத்தை நெருங்கும் முழு வடிவம். குரல் வருவதற்கே நாலு நிமிடம் ஆகும். அந்தக் காத்திருப்புதான் பாட்டே! தனிப் பாட்டாக வெளியிட வெட்டிச் சுருக்கிய சிங்கிள் வேண்டாம்.

முழு வடிவம் உள்ள தொகுப்பு எது? 1973-ன் ‘ஆந்தாலஜி’ வைத்திருப்பவர்கள் உறையைப் பார்த்து நிமிடக் கணக்கைச் சொல்ல முடியுமா? அப்புறம், பழைய பாடல்களுக்கு மோனோவா ஸ்டீரியோவா? ஹெட்போனில் கேட்பேன், குரல் ஒரு காதிலும் டிரம்ஸ் மறு காதிலுமாகப் பிரிந்து கிடந்தால் எனக்கு ஆகாது.