மே மாதத்தில் ஷிசுவோகா: தேயிலை, ஃபூஜி, சுசுகி. நாலு இரவு போதுமா?

மயூர்விஹார் கணேஷ்

மே இரண்டாம் வாரம் பையனுக்கு லீவு. தில்லி–ஹனேதா நேரடி விமானம் பார்த்து வைத்திருக்கிறேன். தோக்கியோவுக்கான நாள் போக, ஷிசுவோகா மாகாணத்துக்கு நாலு இரவு ஒதுக்கலாம். நாங்கள் இருவர், 9 வயதுப் பையன், அம்மா (68, சுத்த சைவம், முட்டிவலி). தேயிலை பறிப்பதைப் பார்க்க வேண்டும், நீராவி ரயில் ஏற வேண்டும், சுசுகி அருங்காட்சியகம் பார்க்க வேண்டும், ஃபூஜி மலை கண்ணில் பட வேண்டும். தோக்கியோவிலேயே தங்கி, 7 நாள் ஜேஆர் பாஸ் (ஜப்பான் ரயில்களில் எத்தனை முறையும் ஏறும் பாஸ்) எடுத்து, தினம் போய்வரலாம் என்று நினைக்கிறேன். சரிவருமா? கார் எடுப்பது நல்லதா?

தேநீர்ப்பித்தன்

தேதி நல்ல தேதி, ஆனால் தேயிலைக்குப் போகும் இடத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். ஜப்பானியப் பஞ்சாங்கத்தின் வசந்தத் தொடக்கத்திலிருந்து 88-வது நாள், அதாவது மே 2 வாக்கில், முதல் கொழுந்துக்குப் பேர்போன நாள். அதைத்தான் ஷிஞ்சா என்று விற்கிறார்கள். மகினோஹாரா மேட்டுநிலம் கடலுக்குப் பக்கம், வெப்பம் அதிகம். அங்கே ஏப்ரல் கடைசியில் வெட்டு தொடங்கிவிடும், நீங்கள் போகும்போது முடியும் தறுவாயில் இருக்கும். அதே வாரத்தில் ஓய் ஆற்றின் மேல்பக்கம், கவானே பள்ளத்தாக்கில், குளிர் அதிகம் என்பதால் வேலை மும்முரமாக நடக்கும். அங்கே போங்கள். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பான் முழுக்க விடுமுறைக் கூட்டம், அதுவும் உங்களுக்கு முன்பே வடிந்திருக்கும்.

மழை பெய்தால் இலை வெட்டமாட்டார்கள், அதனால் தேயிலைக்கு ஒரே நாளை மட்டும் நம்பாமல் அடுத்த நாளையும் காலியாக வையுங்கள். வெட்டிய இலை அன்றைக்கே ஆவியில் வேக வேண்டும், இல்லாவிட்டால் நிறம் மாறத் தொடங்கிவிடும். நீலகிரி சிடிசி தூளுக்கு (நாம் குடிக்கும் கறுப்பு டீ) அந்த நிறமாற்றம்தான் வேண்டும். செஞ்சா என்ற ஜப்பானியப் பச்சைத் தேயிலைக்கு அதை நீராவி கொடுத்து நிறுத்த வேண்டும். வழக்கமான செஞ்சாவுக்கு ஏறக்குறைய அரை நிமிட ஆவி. மகினோஹாரா, ககேகாவா பக்கம் அதைப்போல் இருமடங்கோ அதற்கு மேலோ கொடுப்பார்கள், அது ஃபுகமுஷி. இலை நொறுங்கி, டீ கலங்கிய பச்சையாக இறங்கும். அதைக் கலப்படம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டு இலை ஒரு மொட்டு என்று கையால் கிள்ளுவது இன்று பெரும்பாலும் பயணிகளுக்காகவும் உயர்ரகத்துக்காகவும்தான். மற்ற இடமெல்லாம் இயந்திர வெட்டு, அதனால்தான் வரிசைகள் வளைந்த முதுகு மாதிரி இருக்கும். கம்பத்தின் உச்சியில் தெரியும் விசிறிகள் பனிக்கருகலைத் தடுப்பவை. குளிர் இரவில் வெதுவெதுப்பான காற்று மேலே நிற்கும், அதைச் செடி மீது தள்ளிவிடும்.

ஷிமாதாவில் ஹோராய் பாலத்தைத் தவறவிடாதீர்கள். 1879-இல் ஆற்றைக் கடந்து தேயிலை நிலத்துக்குப் போகக் கட்டிய மரப்பாலம், 897.4 மீட்டர். ஷோகுன் (படைத்தலைவர்) ஆட்சி விழுந்தபின் வேலை போன சாமுராய்கள் 1869 முதல் திருத்திய நிலம்தான் மகினோஹாரா. அம்மா பாதிப் பாலம் வரை நடந்து திரும்பினாலே போதும், கைப்பிடி உயரம் மிகக் குறைவு என்பதால் பையன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கனாயா நிலையத்துக்கு அருகே தேயிலை அருங்காட்சியகமும் இருக்கிறது, மழை நாளுக்கு அதுதான் கைகொடுக்கும்.

துவாரகா மணி

பாஸ் வேண்டவே வேண்டாம். 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறியது. தோக்கியோ–ஷிசுவோகா ஒருவழி சுமார் 6,000 யென்தான், பையனுக்குப் பாதி. தினம் போய்வருவதையும் விடுங்கள். இரண்டு இரவு ஷிசுவோகா நகரம், இரண்டு இரவு ஹமாமட்சு என்று பிரித்தால் அலைச்சல் இல்லை.

ஹனேதாவில் இறங்கி கெய்க்யூ ரயிலில் ஷினகாவா, அங்கேயே ஷிங்கான்சென் (புல்லட் ரயில்) ஏறலாம். நொசோமி வண்டி இந்த மாகாணத்தில் எங்கேயும் நிற்காது, தவறி ஏறினால் நகோயாவில்தான் இறங்க வேண்டும். ஹிகாரி, கொதாமா இரண்டில் ஒன்றைப் பிடியுங்கள். ஹிகாரியும் எல்லா வண்டியும் ஷிசுவோகாவில் நிற்பதில்லை, டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். மேற்கே போகும்போது சாதாரண வகுப்பில் 'ஈ' இருக்கை, ஃபூஜி வலப்பக்கம். பெட்டியின் நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் போனால் அதற்கென்று தனி இருக்கை முன்பதிவு உண்டு. கூடுதல் கட்டணமில்லை, ஆனால் பதியாமல் ஏறினால் 1,000 யென் கேட்பார்கள். நம் ஊரில் அரிசி மூட்டை கொள்ளுகிற மாதிரிப் பெட்டி வாங்கும் வழக்கம் இருக்கிறதே, அளந்து பாருங்கள்.

இன்னொரு கண்ணி: சூய்க்கா என்ற ரயில் கார்டைத் தோக்கியோவில் தட்டிவிட்டு லோக்கல் ரயிலிலேயே அதாமியைத் தாண்டி ஷிசுவோகா வந்தால் வெளியேறும் கதவு திறக்காது. இரண்டு ஜேஆர் கம்பெனிகளின் எல்லை அது. கடக்கும் பயணத்துக்குக் காகித டிக்கெட், மாகாணத்துக்குள்ளே சுற்ற அதே கார்டு.

நீராவி வண்டி ஷின்-கனாயாவில் கிளம்புகிறது. 2022 செப்டம்பர் புயலில் பாதை சேதமானதால் கவானே-ஒன்சென்-சாசமதோவரைதான் ஓடுகிறது. பழைய பதிவுகளில் சென்சுவரை என்று இருக்கும், நம்பாதீர்கள். எல்லா நாளும் ஓடுவதில்லை, முன்பதிவு அவசியம்.

ஃபூஜிக்காக ஒரு நாளை அடகு வைக்காதீர்கள். நன்றாகத் தெரிவது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. மே மாதத்தில் காலை 9 மணிக்குள் பார்த்தால் உண்டு, பிறகு மேகம். நிஹோண்டைரா குன்றிலிருந்து ஒரு காலை பாருங்கள், அங்கிருந்தே ரோப்வேயில் குனோசான் தோஷோகு கோயில். அடிவாரத்திலிருந்து போனால் 1,159 படி. ரோப்வேயில் போனாலும் சன்னதி வளாகத்துக்குள் கொஞ்சம் படி உண்டு, அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

கரோல்பாக் காயத்ரி

ஹமாமட்சுவைக் கடைசி இரண்டு நாளுக்கு வைத்தது சரி. சுசுகி பிளாசாவுக்குத் தகட்சுகா நிலையத்தில் இறங்கி நடக்கலாம், ஹமாமட்சுவிலிருந்து ஒரே நிறுத்தம். நுழைவு இலவசம், ஆனால் முன்பதிவு வேண்டும், திங்கள் விடுமுறை. 1909-இல் தறிக் கம்பெனியாகத் தொடங்கியதிலிருந்து வரிசையாக இருக்கிறது: தறி, மோட்டார் மாட்டிய சைக்கிள், 1955 சுசுலைட், 1979 ஆல்டோ. குர்கானில் மாருதி எப்படி வந்தது என்று பையனுக்கு விளக்க இதைவிட நல்ல இடம் இல்லை. யமாஹாவின் 'இன்னொவேஷன் ரோடு' காட்சிக்கூடமும் முன்பதிவுதான். பதிவு தேவைப்படாத ஒன்று, நிலையத்துக்கு அருகே இருக்கும் நகராட்சி இசைக்கருவி அருங்காட்சியகம். அங்கே கருவிகளைத் தொட்டு வாசிக்கும் அறை உண்டு, பையன் நகரமாட்டான்.

சாப்பாடு: சாமியைக் கும்பிட்டுக்கொண்டு ஹோட்டலில் நுழைய முடியாத ஊர் இது. 'மாமிசம் வேண்டாம்' என்று சொன்னால் மீன் வரும். மீன் வேண்டாமென்றாலும் சூப்பில், சோபா தொட்டுக்கொள்ளும் சாற்றில், காய் வதக்கலில் கத்சுவோ மீன் சாறு (தாஷி) இருக்கும். ஷிசுவோகா நகருக்குப் பக்கத்து யாய்சு துறைமுகமே அந்த மீனுக்குப் பேர்போனது. ஷிசுவோகா ஓடென் என்ற குழம்புப் பண்டத்தின் கறுப்புக் குழம்பு மாட்டு நரம்பில் கொதித்தது, மேலே மீன்பொடி வேறு. 'தாஷியும் கூடாது' என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டு வைத்திருங்கள். கடையில் உப்பு மட்டும் தடவிய சோற்றுருண்டை பாதுகாப்பு. பொடி, ரெடி உப்புமா கொண்டுபோகலாம். பச்சைக் கறிவேப்பிலையும் அரிசியும் தாவரச் சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்திலேயே போய்விடும்.

மயூர்விஹார் கணேஷ்

மணி சார், காயத்ரி மேடம், ரொம்ப நன்றி. கார் பற்றியும், டீத்தூள் வாங்கி வருவது பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.

தேநீர்ப்பித்தன்

கவானே போகும் ஒரு நாளுக்கு மட்டும் கார் எடுங்கள். இடப்பக்க ஓட்டம்தான், பழகியது. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி ஆர்டிஓ தரும் சர்வதேச அனுமதிப் புத்தகம் செல்லும். கூடவே தில்லி லைசென்ஸ், பாஸ்போர்ட் மூன்றும் கையில் இருக்க வேண்டும். பள்ளத்தாக்கின் மேல்பக்கம் சாலை ஒரு வண்டி அகலம்தான், சிறிய கெய் காராகக் கேளுங்கள்.

தூள் வாங்கினால் 100 கிராம் பொட்டலங்களாக வாங்குங்கள், பெரிய பொட்டலம் திறந்ததும் வாசனை போகத் தொடங்கும். தில்லி ஜூன் வெயிலில் அலமாரியில் வைத்தால் பச்சை பழுப்பாகிவிடும். பிரிக்காததை ஃப்ரிட்ஜில் வைத்து, வெளியே எடுத்த பிறகு அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள், இல்லாவிட்டால் இலையில் ஈரம் கோத்துக்கொள்ளும். இருவருக்கு 4 கிராம், 180 மி.லி., 70 டிகிரி, ஒரு நிமிடம். ஃபுகமுஷி என்றால் அரை நிமிடம் போதும். கொதிநீர் ஊற்றினால் கசப்பும் துவர்ப்பும்தான் முதலில் இறங்கும், தேயிலையில் உள்ள தியானின் என்ற பொருள் தரும் இனிப்பு அடியில் அமுங்கிவிடும். போர் தண்ணீர் வேண்டாம், கால்சியம் நிறத்தையும் சுவையையும் மந்தமாக்கும். ஆர்ஓ தண்ணீர் சரி.