பஞ்சர் சொல்யூஷன் கேட்டு வந்த பையன்கள்

ஸ்ரீராம்புரம், பஞ்சர் கடை:

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் 18 வருடமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பையன்கள் சைக்கிள் இல்லாமல் வந்து சொல்யூஷன் ட்யூப் மட்டும் கேட்பார்கள். "வீட்டிலேயே ஒட்டிக்கிறேன் அண்ணா" என்பார்கள். கொடுத்துவிடுவேன். ஒட்டுப் போட ரப்பர் வேண்டும், தேய்க்க உப்புத்தாள் வேண்டும். அதை ஒருத்தன்கூடக் கேட்டதில்லை. இத்தனை வருடம் இதே தொழிலில் இருக்கிற எனக்கு அது உறைக்கவே இல்லை. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

உறைத்தது என் அக்கா மகனால். அவனுக்கு 14 வயது. அக்கா கார்மெண்ட்ஸ் வேலை முடிந்து வர ராத்திரி எட்டாகும். அதுவரை பையன் என் கடையில்தான் உட்கார்ந்திருப்பான். மூக்கைச் சுற்றியும் வாயோரமும் தோல் சிவந்து பொருக்குத் தட்டியிருந்தது. வயசுப் பையன், பரு என்று அக்கா மஞ்சள் அரைத்துப் பூசினாள். சாப்பாடு குறைந்தது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். அவன் கர்சீப்பில் சொல்யூஷன் வாடை அடித்திருக்கும். என் கடை முழுக்க, என் கை முழுக்க அதே வாடைதான், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் ரயில் பாதைச் சுவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பையன்களோடு பார்த்தேன். கர்சீப்பை முகத்தில் அழுத்தி இழுத்துக்கொண்டிருந்தான். கையிலிருந்த டயர் லீவரோடு கத்திக்கொண்டே துரத்தினேன். தலைதெறிக்க ஓடினான்.

பிற்பாடு டாக்டர் சொன்னதைக் கேட்டபோது வயிறு கலங்கிவிட்டது. சொல்யூஷனில் டொலுவீன் என்கிற கரைப்பான் இருக்கிறது. அந்த ஆவி உடம்பில் இருக்கும்போது திடீரென்று பயமுறுத்தினாலோ ஓடவிட்டாலோ இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே உயிர் போகலாமாம். முதல் முறை முகர்ந்த பையனுக்கும் அது நடக்கலாம். தயவுசெய்து துரத்தாதீர்கள். காற்றோட்டமான இடத்தில் உட்காரவைத்து, தெளிகிற வரை பக்கத்தில் இருங்கள். நினைவில்லாமல் கிடந்தால் உடனே 108. கேட்க வேண்டியதை மறுநாள் கேட்கலாம்.

சொந்தத்தில் ஒருவர் ஊருக்கு வெளியே ஒரு மறுவாழ்வு இல்லத்தைச் சொன்னார். போய்ப் பார்த்தோம். வெளியே பூட்டு. உள்ளே நாற்பது வயது ஆட்களோடு ஒரே கூடத்தில் இவன் வயதுப் பையன்கள், எல்லோருக்கும் மொட்டை. ஒரு பையன் எங்களைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். 2017 மனநலச் சட்டப்படி இந்த மாதிரி இடங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும், சங்கிலியால் கட்டக் கூடாது, சின்னப் பிள்ளைகளைப் பெரியவர்களோடு தங்கவைக்கக் கூடாது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

அன்று ராத்திரி 14416-க்குப் போன் செய்தோம், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். தமிழில் பேசினார்கள். அப்புறம் இங்கே இருக்கிற நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போனோம். அங்கே போதை நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. டாக்டரம்மா முதலில் எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் தனியாகப் பேசினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்தவன் எங்களைப் பார்க்காமல் அழுதான். அவன் அழுது நான் பார்த்து மூன்று வருடம் இருக்கும்.

இதை நிறுத்துவதற்கென்று தனி மாத்திரை கிடையாது என்றார். திரும்பத் திரும்ப வந்து பேச வேண்டும். மெடிக்கலில் விற்கிற சிறுநீர்ப் பரிசோதனை அட்டையை வாங்கி வைத்திருந்தேன். அதில் சொல்யூஷன் காட்டாது என்றார். வீட்டில் சோதனை போடுவதைவிட, நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை அவன் எங்கே, யாரோடு இருக்கிறான் என்று யோசிக்கச் சொன்னார்.

காரணம் எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தமிழ்ப் பள்ளியிலிருந்து கன்னடப் பள்ளிக்கு மாற்றியிருந்தோம். போர்டில் எழுதுவது எதுவும் அவனுக்குப் புரியவில்லை. கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். அந்த பெஞ்சில்தான் கர்சீப் இருந்தது. மூன்றாவது மாதம் ஒரு முறை மறுபடி முகர்ந்துவிட்டான். அவனே வந்து சொன்னான். டாக்டரம்மா கோபப்படவில்லை, சொன்னதற்காகப் பாராட்டினார்.

கஞ்சா என்றால் தெருவே கூடுகிறது. சொல்யூஷனைப் போதை என்று யாரும் எண்ணுவதில்லை, போதைப்பொருள் சட்டப் பட்டியலிலும் அது இல்லை. எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வில், பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாக இருந்த ஒரே வகை இந்த முகரும் போதைதான். பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதில் 1.17 சதவீதம். போலீஸ் வந்து தடுக்கப்போவதில்லை, கடைக்காரன்தான் தடுக்க வேண்டும். இப்போது ட்யூபை மேஜைக்குள் பூட்டி வைக்கிறேன். வண்டி வந்தால் நானே ஒட்டிக் கொடுப்பேன், தனியாக விற்பதில்லை. எங்கள் சாலையில் இன்னும் நாலு பஞ்சர் கடைகளிலும், தின்னர் விற்கிற ஹார்டுவேர் கடையிலும் பேசிவிட்டேன். ஹார்டுவேர்க்காரர் மட்டும் இன்னும் இழுத்தடிக்கிறார். விடமாட்டேன்.

லிங்கராஜபுரம், ஒரு அம்மா:

அண்ணா, என் மகனுக்கு வலி மாத்திரை. டாபென்டடால் என்று பெயர். காலேஜ் இரண்டாம் வருடத்தில் தண்ணீரில் கரைத்து ஊசியாகப் போட ஆரம்பித்திருக்கிறான். முழுக்கைச் சட்டை தவிர எதுவும் போடமாட்டான், அதுதான் அடையாளம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. 1985 போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ மாட்டியவர்கள், தாங்களாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற இடத்திலோ முழுமையாகச் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. இது தெரியாமல் போன ஐந்து மாதம் இன்னும் என்னை உறுத்துகிறது.

நிறுத்தியதும் மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், எலும்பெல்லாம் வலிக்கும். பார்க்கவே முடியாது. நாக்கின் அடியில் வைக்கிற பியூப்ரினார்ஃபின் மாத்திரை கொடுத்து அடக்கினார்கள். ஒரு போதைக்கு இன்னொன்றா என்று என் கணவர் சண்டை போட்டார். அப்படி நினைக்க வேண்டாம், அந்த மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். இன்னொன்று: கொஞ்ச நாள் விட்டவன் மறுபடி பழைய அளவையே போட்டால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும். வார்டில் எங்கள் பக்கத்துக் கட்டிலில் இருந்த பையன் அப்படித்தான் போனான். அவன் அம்மா எனக்கு இன்னும் போன் செய்வார்.

கௌதமபுரம்:

கால்பந்து வீரர் பெலே சிலை இருக்கிற தெருவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஏரியாவிலும் பசங்க இதில் விழுந்திருக்கிறார்கள், பந்து இருந்தால் போதை வராது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாலு மணியிலிருந்து எட்டு மணி என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நேரத்துக்குத்தான் நாங்கள் இளையவர்களுக்குப் பயிற்சி வைத்திருக்கிறோம். ஒருத்தன் இரண்டு நாள் வரவில்லையென்றால் வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம். யாரையும் விளையாடத் தெரியாது என்று திருப்பி அனுப்புவதில்லை. உங்கள் அக்கா மகனை அனுப்புங்கள்.

ஸ்ரீராம்புரம், பஞ்சர் கடை:

லிங்கராஜபுரம் அக்கா, நீங்கள் எழுதியதை என் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். உங்களோடு பேச வேண்டும் என்கிறாள்.

கௌதமபுரம் அண்ணா, சனிக்கிழமை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். அவனிடம் பூட்ஸ் இல்லை, செருப்புதான். பரவாயில்லையா?