ஜாஸ் விழா நேரத்தில் மொன்றியலில் இசைக்கருவிக் கடை வேலை எப்படி?

கோடைவேலை: செயின்ட் கத்தரின் வீதிப் பக்கம் ஒரு கடையில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் கடைசியில் விழா தொடங்குகிறது. கிட்டார் நிறைய விற்குமா?

தந்திக்கடை: தம்பி, அந்தப் பக்கம்தான் என் கடையும். கிட்டாரை மறந்துவிடுங்கள். வெளி மேடைகள் இலவசம், சனம் ஏசிக்கும் கழிப்பறைக்கும்தான் உள்ளே வரும். ஆளுக்கொரு முறை எல்லாக் கிட்டாரையும் தடவிப் பார்ப்பார்கள், வேறென்ன! விற்பது சில்லறைச் சாமான்: தந்தி, டிரம் குச்சி, 9 வோல்ட் பேட்டரி, ரீட் (சாக்ஸபோன் வாய்முனையில் பொருத்தி ஊதும் மெல்லிய நாணல் பட்டை). மேடையேறும் நேரத்தில் சாக்ஸபோன்காரர் வியர்க்க விறுவிறுக்க ஓடி வருவார். சாக்ஸபோன் வகை ஆல்ட்டோவா டெனரா, ரீட்டின் விறைப்பு எண் இரண்டரையா மூன்றா என்று கேட்டுவிட்டுப் பெட்டியை நீட்டுங்கள். வாயில் வைத்த ரீட்டைத் திரும்ப வாங்க முடியாது.

கோடைவேலை: விழாவுக்காக வீதியை மூடினால் சரக்கு எப்படி வரும், அண்ணா?

தந்திக்கடை: விடியலிலேயே இறக்கிவிடுவேன். அதைவிடக் கூத்து ஜூலை 1. நம் கியூபெக் மாகாணத்தில் நிறையப்பேர் வீடு மாறும் நாள். புது வீட்டுப் படியில் ஏறாத பியானோவை நம் தலையில் கட்டப் பார்ப்பார்கள். சும்மா தந்தாலும் வேண்டாம் என்றுவிடுங்கள்.

பேஸ்வாசிப்பவன்: கதவை மட்டும் திறந்து வைக்காதீர்கள். ஜூலைப் புழுக்கத்தில் கிட்டாரின் மரம் ஊதி, தந்தி கழுத்துப் பலகையிலிருந்து மேலே உயர்ந்துவிடும். அப்புறம், யார் வந்தாலும் முதலில் ‘போன்ஜூர்’ என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லுங்கள்.