மோட்டாரை நிறுத்தியதும் சனி ஓடியது: கல்லூரி தொலைநோக்கி அனுபவங்கள்

கல்லூரியில் வான்நோக்கு இரவு, வருகிறவர்களுக்கெல்லாம் மாணவர்கள் தொலைநோக்கியில் வானத்தைக் காட்டுவார்கள், சனிக்குத்தான் நீண்ட வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) கண்ணை வைத்தவர் சட்டென்று நிமிர்ந்து, "ஏம்மா, உள்ளே படம் கிடம் ஒட்டியிருக்கீங்களா?" என்றார். தொலைநோக்கியைக் கவனித்துக்கொண்டிருந்த முதலாமாண்டு மாணவி விளக்கம் எதுவும் சொல்லவில்லை, சனியைத் தொடர்ந்து குழாயைத் திருப்பிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தினாள். "இப்ப தொடாம பார்த்துக்கிட்டே இருங்க ஐயா." ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, சனி நகர்ந்து வட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது. "அடடே, ஓடுதே!" "அது ஓடலை ஐயா, நாமதான் சுத்துறோம்." பூமி சுழல்கிறது என்று பரீட்சையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான்.

*

மேலே சொன்னது அருமை, ஆனால் சனியைக் காட்டினால் யார்தான் அசரமாட்டார்கள்? அதுவும் வளையம் நன்றாகச் சாய்ந்திருக்கும் ஆண்டாக அமைய வேண்டும். 2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு மட்டும் நம் பக்கம் திரும்பியிருந்தது, அதையொட்டிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது மெல்லிய கோடுதான். எனக்கு மறக்காதது ஆண்ட்ரோமெடா, நம் பால்வெளிக்குப் பக்கத்து விண்மீன் மண்டலம். போட்டோவில் இருக்கும் நிறம் எதுவும் இல்லை, சாம்பலாக ஒரு கறை. "ஒண்ணுமே தெரியலையே" என்றேன். "நேரா பார்க்காதீங்க அண்ணா, கொஞ்சம் ஓரமா பாருங்க" என்றான் மாணவன். பார்வையைச் சற்று விலக்கியதும் கறை அகன்று நீண்டது, நேரே பார்த்தால் மறுபடி சுருங்கியது. 25 லட்சம் ஆண்டுக்கு முன் கிளம்பிய வெளிச்சம்! வரிசையை விரட்டுகிற இடத்தில் இதெல்லாம் கிடைக்காது.

*

வரிசையை விரட்டுகிற மாணவர்களில் நானும் ஒருவன். பின்னால் குழந்தைகள் தூக்கக் கலக்கத்தில் நிற்கும்போது ஒருவருக்கே ஐந்து நிமிடம் எப்படிக் கொடுப்பது, நீங்களே சொல்லுங்கள். அரை நிலாவைப் பார்த்த ஒரு சிறுமி, "இந்தக் குழிக்குள்ள இன்னும் விடியலையா?" என்று கேட்டாள், நிலவில் வெளிச்சமும் இருட்டும் பிரியும் எல்லையை அதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சரி, வருகிறவர்களுக்குச் சில விஷயம். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், நடுவில் ஒரு தடவை போனைத் திறந்தாலும் முதலிலிருந்துதான். வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம், ஃபோகஸைத் திருப்பினால் போதும், சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாடிசம் என்ற பார்வைக் கோளாறுக்கான பவர்) அதிகமாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஐபீஸைப் பிடித்துக்கொண்டு பார்க்காதீர்கள், குழாய் அசைந்தால் பொருள் போய்விடும், தேடிப் பிடிப்பதற்குள் வரிசை இன்னும் நீளும். அப்புறம், பௌர்ணமியன்று மட்டும் வராதீர்கள். நிலவில் நிழல் இருக்காது, பள்ளமெல்லாம் தட்டையாகத் தெரியும், ஆண்ட்ரோமெடாவும் அந்த வெளிச்சத்தில் காணாமல் போய்விடும்.