அழற்சி மரபணு என்றால் கொடையாளரிடம் இருந்த குறையா?

கோபியிலிருந்து ஒரு தங்கை:
மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகத்தை என் அண்ணனுக்குக் கோவையில் பொருத்தி இன்றோடு ஒன்பது நாட்கள் ஆகின்றன. ஹெச்எல்ஏ என்னும் திசு வகைப் பொருத்தம் நன்றாக இருந்தும், கிராஸ் மேட்ச் (கொடையாளரின் செல்களை அண்ணனின் ரத்தம் எதிர்க்கிறதா என்ற சோதனை) நெகட்டிவ் என்று வந்தும், டயாலிசிஸ் இன்னும் நிற்கவில்லை. அளவுக்குடுவையில் பிடிக்கும் சிறுநீரை அண்ணி காலண்டர் தாளில் குறித்து வருகிறார். நேற்று 180 மில்லிதான். கொடையாளரின் திசுவில் அழற்சி மரபணுக்கள் கூடுதலாக இயங்கினால் இப்படி ஆகலாம் என்று படித்தேன். அந்தப் புண்ணியவானுக்குப் பரம்பரையாக ஏதேனும் குறை இருந்திருக்குமா?

பொள்ளாச்சி, டயாலிசிஸ் பிரிவில் பணியாற்றியவர்:
அம்மணி, பரம்பரைக் குறை என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற, அழற்சியைத் தூண்டும் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் நம் எல்லோரிடமும் உள்ளன. மூளை செயலிழக்கும்போது அட்ரினலின் பெருகி, ரத்த அழுத்தம் ஏறிப் பின்பு சரிந்து, உடலெங்கும் அழற்சி மூள்கிறது. அப்போதுதான் சிறுநீரகத் திசுவுக்குள் இம்மரபணுக்கள் மும்முரமாகின்றன. ஐஸில் வைத்திருக்கும் நேரமும், பொருத்தியபின் ரத்தம் மீண்டும் பாயும்போது உண்டாகும் சேதமும் அதன்மேல் சேர்கின்றன. பொருத்தும் வேளையில் ஊசியால் எடுக்கும் நூலளவு துணுக்கிலேயே இதை அளந்திருக்கிறார்கள்; உயிரோடிருப்பவர் தந்த சிறுநீரகத்தைவிட இறந்தவர் தந்ததில் இது மிகுதி. 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஹெச்எல்ஏ பொருத்தம் குறைவாக இருந்தும், கணவன் மனைவியருக்குள் தந்த சிறுநீரகங்களில் 85 விழுக்காடு மூன்றாண்டுகளுக்குப் பின்பும் இயங்கின. இறந்தவர்களிடமிருந்து பெற்றவற்றில் 70 விழுக்காடே இயங்கின.

ஈரோடு, மருந்தாளுநர்:
அப்படியானால், உறுப்பை எடுக்கும் முன்பே கொடையாளருக்கு ஸ்டீராய்டு கொடுத்து அழற்சியை அடக்கிவிடலாம் அல்லவா, அண்ணா?

பொள்ளாச்சி:
கொடுத்துப் பார்த்தார்கள், தம்பி. 2010-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் அழற்சி மரபணுக்கள் அடங்கின, ஆனால் சிறுநீரகம் தாமதமாக இயங்குவது குறையவில்லை. மாறாக, கொடையாளரின் உடல் வெப்பத்தை 34 முதல் 35 டிகிரி செல்சியசில் வைத்தபோது அந்தத் தாமதம் 39 விழுக்காட்டிலிருந்து 28 ஆகக் குறைந்ததாக 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே மரபணு அளவை நடந்த சேதத்தின் அடையாளமாகத்தான் நான் கருதுகிறேன். அதை வைத்து ஒருவருடைய சிறுநீரகத்தின் விதியைச் சொல்லிவிட முடியாது. அம்மணி, புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கும் வாய்ப்பை இந்தத் தாமதம் சற்றுக் கூட்டும் என்பதால், பயாப்ஸி (திசுத் துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனை) எப்போது செய்வார்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

திருப்பூர், சிறுநீரகம் பெற்றவர்:
எனக்குப் பதினாறாம் நாள்தான் சிறுநீர் பெருகியது. இன்று கிரியாட்டினின் (சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்றும் கழிவு) 1.4. அண்ணி எழுதும் காலண்டர் தாளைக் கிழித்துவிடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். என் மருத்துவர் தினமும் முதலில் கேட்டது அந்தக் கணக்கைத்தான்.