மரம், அக்ரிலிக், அலுமினியம்: ஒரே சிஎன்சி ரவுட்டரில் ஓடுமா?

கேள்வி:
என் சிஎன்சி ரவுட்டர் (கணினி சொல்படி பிட்டை நகர்த்தி வெட்டும் மெஷின்): 600×900 மி.மீ. படுக்கை, தலை நகர்ந்து ஓட 12 மி.மீ. உருளைத் தண்டு, அதை நகர்த்த டி8 லீட் ஸ்க்ரூ (8 மி.மீ. மரைத்தண்டு), பிட்டைச் சுழற்ற 800 வாட் ஸ்பிண்டில். எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) நன்றாக வெட்டுகிறது. அக்ரிலிக் உருகி பிட்டில் ஒட்டுகிறது. அலுமினியத்தில் கிரீச்சென்று அதிர்ந்து வரிவரியாக விழுகிறது. எதை மாற்றுவது?

பதில் 1:
முதலில் தண்டு. வளைவு விட்டத்தின் நான்காம் அடுக்கில் குறையும். 12-ஐ 20 ஆக்கினாலே விறைப்பு ஏழரை மடங்குக்கு மேல். ஆனால் அந்தக் காசுக்கு 20 மி.மீ. லீனியர் ரெயிலே (தலை ஓடும் தட்டையான தண்டவாளம்) போடலாம், நீளம் முழுக்க போல்ட் பிடிக்கும். டி8-க்குப் பதில் 1605 பால் ஸ்க்ரூ (உள்ளே குண்டுகள் உருளும் மரைத்தண்டு; 16 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு). சுற்றுக்கு 200 ஸ்டெப் வைக்கும் மோட்டார், ஒவ்வொரு ஸ்டெப்பும் 8 மைக்ரோஸ்டெப்பாகப் பிரிந்தால் 1600÷5, அதாவது மி.மீ.க்கு 320 ஸ்டெப்.

பதில் 2:
அக்ரிலிக்கில் மெஷின் மேல் தப்பில்லை. ஒற்றைப் பல் பிட், 18,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்று), சுற்றுக்கு 0.1 மி.மீ. நகர்வு: நிமிடத்துக்கு 1,800 மி.மீ. பயந்து மெதுவாக ஓட்டினால் பிட் வெட்டாது, தேய்க்கும். சூடு அங்கேதான் பிறக்கிறது. சீவல் உதிரியாகத் தெறிக்க வேண்டும். காஸ்ட் (அச்சில் வார்த்த) ஷீட்டாகப் பார்த்து வாங்குங்கள், எக்ஸ்ட்ரூடட் (பிதுக்கி எடுத்தது) சீக்கிரம் இளகிவிடும்.

கேட்டவர்:
அலுமினியத்துக்கு?

பதில் 1:
ரெயில் மாற்றியபின் 6 மி.மீ. ஒற்றைப் பல், ஆழம் 0.3 மி.மீ., அதே 18,000 ஆர்பிஎம்மில் சுற்றுக்கு 0.04 மி.மீ.: நிமிடத்துக்கு 720 மி.மீ. சீவலைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். வெட்டிய பள்ளத்திலேயே கிடந்தால் மறுபடி அரைபட்டு பிட்டில் ஒட்டும், பிட் முறியும்.